திருமலைச் சுவரும் நம் புத்தகக் கணக்கும்

குட்ரீட்ஸில் இருக்கும் புத்தகக் கணக்கை ஸ்டோரிகிராஃபுக்கு மாற்றுவது எப்படி என்று சமீபத்தில் ஐந்தாறு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். எல்லாருமே நம்மைப் போல ஊரை விட்டு வந்து பதினைந்து இருபது வருஷம் ஆனவர்கள். படித்த புத்தகங்கள், முடித்த தேதி, கொடுத்த நட்சத்திரம், எப்போதோ ராத்திரி தூக்கம் வராமல் எழுதிய நாலு வரி விமரிசனம் எல்லாம் அங்கே கிடக்கின்றன. 2007இல் தொடங்கிய குட்ரீட்ஸை 2013இல் அமேசான் வாங்கியது. அதற்கு முன்பே, 2008இல், அமேசான் வாங்கி வைத்திருந்த ஷெல்ஃபாரி என்ற தளம் 2016இல் குட்ரீட்ஸோடு சேர்க்கப்பட்டு மூடப்பட்டது. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் அப்போதே ஒரு தடவை மூட்டை கட்டியவர்கள். இப்போது மறுபடியும் கட்டுகிறார்கள், இந்தத் தடவை தாங்களாகவே.

வேலை என்னவோ ஐந்து நிமிஷம்தான். குட்ரீட்ஸில் உங்கள் புத்தகப் பக்கத்தில் இம்போர்ட், எக்ஸ்போர்ட் என்று ஓர் இணைப்பு இருக்கும். அழுத்தினால் ஒரு சிஎஸ்வி ஃபைல் கைக்கு வரும். அதைப் புது இடத்தில் ஏற்றினால் முடிந்தது.

முடிந்ததா என்பதுதான் கேள்வி. நான் பிழைப்புக்குச் செய்வதே ஒரு டேட்டாபேஸில் இருக்கும் தகவலை இன்னொன்றுக்கு மாற்றும் வேலை. பிறந்து வளர்ந்தது சித்தூரில். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்து மலைதான் ஞாபகம் வரும். கல்லில் இருந்து கல்லுக்கு, வாயில் இருந்து செம்புக்கு, செம்பில் இருந்து காகிதத்துக்கு என்று திருமலையில் பல நூற்றாண்டுகளாக இதே வேலை நடந்திருக்கிறது. எது பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது, எது வழியிலேயே விழுந்தது என்பதும் அங்கே தெளிவாகத் தெரிகிறது. சரித்திரம் படிப்பதில் இப்படி ஒரு சௌகரியம்! நம் பிரச்சினையை யாரோ ஏற்கெனவே பட்டுப் பார்த்திருப்பார்கள்.

*

முதலில் ஊரின் விலாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது.

திருப்பதி எந்த மாவட்டம்? 1911க்கு முன் என்றால் வட ஆற்காடு. அந்த மாவட்டத்துக்குத் தலைநகரம் அப்போது சித்தூர்தான். 1911 ஏப்ரலில் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அங்கே போனது. 1956இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆனது. 1960 ஏப்ரலில் திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகிவிட்டது. இத்தனைக்கும் மலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

சித்தூர்த் தமிழ்க் குடும்பங்களில் தாத்தா, அப்பா, பிள்ளை மூவரும் ஒரே தெருவில் பிறந்திருந்தாலும் மூன்று பேர் சான்றிதழிலும் வேறு வேறு மாநிலம், மாவட்டம் இருக்கும். ராபர்ட் சுவெல் என்ற அதிகாரி சென்னை மாகாணத்துப் பழஞ்சின்னங்களை மாவட்டவாரியாகத் தொகுத்து 1882இல் வெளியிட்டார். அதில் சித்தூர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. வட ஆற்காடு என்று தேட வேண்டும்.

புத்தகக் கணக்கிலும் இதே கதைதான். நீங்கள் படித்த புத்தகம் மாறியிருக்காது. ஆனால் பதிப்பகம் மாறியிருக்கும், அட்டை மாறியிருக்கும், ஆசிரியர் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் மாறியிருக்கும். புதுத் தளம் "இப்படி ஒரு புத்தகமே இல்லை" என்று கையை விரிக்கும். புத்தகம் இருக்கும். அதைப் பழைய பெயரில் தேடத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

*

இப்போது மலைக்குப் போவோம்.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படி எடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழ். தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம்தான். தரிசன வரிசையில் நகர்ந்துகொண்டே சுவரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நம்மில் பலர் செல்போனைப் பார்க்க வழியில்லாமல் நிற்கும் ஒரே இடம் அது என்பதால் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு :-)

கோயில் சுவரில் எழுதுவது அலங்காரத்துக்காக இல்லை. இன்னார் இத்தனை பொன் கொடுத்தார், அந்த நிலத்தின் வருமானத்தில் இந்த விளக்கு எரிய வேண்டும், இந்த நாளில் இந்தத் திருவமுது நடக்க வேண்டும் என்பதற்கான பத்திரம் அது. சுவர் போனால் பத்திரம் போச்சு. பத்திரம் போனால் விளக்கும் போச்சு.

13ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தச் சுவருக்கே கேடு வந்தது. அப்போது அந்தப் பகுதியை ஆண்டவர் வீரநரசிங்கதேவ யாதவராயர். அவருடைய 40ஆம் ஆட்சியாண்டில் திருப்புல்லாணி தாசர் என்ற அடியவர் கோயிலைப் புதுப்பிக்கும் வேலையில் இறங்கினார். புதுப்பிப்பது என்றால் பழைய சுவர் போய்ப் புதுச் சுவர் வரும். பழைய சுவரில் இருந்த பத்திரங்கள்? அவற்றைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இன்று நம் ஆபீசில் சர்வர் மாற்றும்போது செய்வதைத்தான் உளியை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அப்படி மறுபடி வெட்டப்பட்டதில்தான் சாமவை என்ற பல்லவ அரசியின் கொடை நமக்குக் கிடைத்திருக்கிறது. காடவன் பெருந்தேவி என்பது அவருக்கு இன்னொரு பெயர். வெள்ளியில் ஒரு திருமேனி செய்து, அதற்கு நகைகளும், வழிபாட்டுக்கும் திருவிழாவுக்கும் நிலமும் கொடுத்தார். அந்த வெள்ளித் திருமேனிதான் இன்று போக ஸ்ரீநிவாசர். தினமும் திருமஞ்சனம் நடப்பதும், இரவில் ஏகாந்த சேவையில் பள்ளிகொள்வதும் அவர்தான். கொடுத்தவரின் பெயரும் கொடுத்த பொருளும் நமக்குத் தெரிகிறது என்றால், பெயர் தெரியாத ஒரு கல்தச்சர் பொறுமையாக உட்கார்ந்து நகல் எடுத்ததுதான் காரணம்.

சரி, என்ன விழுந்தது? வருஷம் விழுந்தது.

அந்தக் கல்வெட்டில் சக ஆண்டு கிடையாது. ஓர் அரசனின் 14ஆம் ஆட்சியாண்டு என்று மட்டும் இருக்கிறது. அந்த அரசன் யார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. 614 என்று சொல்கிறவர்கள் உண்டு, 966 என்று சொல்கிறவர்களும் உண்டு. கிட்டத்தட்ட 350 வருஷ வித்தியாசம்! சாதாரணமாக இப்படி ஒரு சண்டை வந்தால் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பார்கள். 7ஆம் நூற்றாண்டு எழுத்து ஒரு மாதிரி இருக்கும், 10ஆம் நூற்றாண்டு எழுத்து வேறு மாதிரி இருக்கும், அதிகம் சிரமம் இல்லாமல் சொல்லிவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை. கண் முன்னால் இருப்பது நகல். எழுத்து 13ஆம் நூற்றாண்டுக் கல்தச்சருடையது. அவர் வாசகத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். பழைய எழுத்தின் வடிவமும் ஒரு தகவல் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மூலக் கல்லும் நம்மிடம் இல்லை.

நகல் எடுப்பவர் தனக்கு முக்கியம் என்று தோன்றுவதைத்தான் எடுப்பார். பின்னால் வருகிறவருக்கு எது முக்கியம் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. மூலத்தை வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

*

இதை ஒழுங்காகச் செய்ததற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அது இன்னும் பழசு. கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் திருமழபாடி.

ராஜராஜ சோழனின் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1012-13 வாக்கில், அந்தக் கோயிலின் நடு விமானத்தை எடுத்துக் கட்ட உத்தரவு ஆயிற்று. சுவரை இடிப்பதற்கு முன்னால் அதில் இருக்கும் கல்வெட்டுகளை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவு. பிறகு ராஜேந்திர சோழனின் 14ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1026இல், அந்தப் புத்தகத்தில் இருந்து எடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். இவ்வளவையும் அந்தச் சுவரே சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். நடுவில் கிட்டத்தட்ட 13 வருஷம் அந்த ஊரின் பத்திரங்கள் எல்லாம் ஒரு புத்தகத்தில் மட்டும் இருந்திருக்கின்றன. ஓர் அரசர் போய் இன்னோர் அரசர் வந்துவிட்டார். கணக்கர் மாறியிருப்பார். ஆனாலும் புத்தகம் தொலையவில்லை, வேலையும் மறக்கவில்லை. முதலில் நகல், பிறகு இடிப்பு, பிறகு மீண்டும் எழுத்து என்ற வரிசை மாறவில்லை. என் வேலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். எந்த மேனேஜ்மெண்ட் புத்தகத்தையும்விட இது நன்றாக மனசில் பதிகிறது.

*

மறுபடி திருமலை. இது வாசிப்புக் கணக்குக்கு இன்னும் நெருக்கமான கதை.

ராஜம்பேட்டைக்குப் பக்கத்தில் தாளப்பாக்கம் என்ற ஊரில் 1408இல் பிறந்தவர் அன்னமாச்சாரியார். அன்னமய்யா என்றால் எல்லாருக்கும் தெரியும். திருவேங்கடமுடையான்மேல் தினமும் ஒரு சங்கீர்த்தனமாவது பாடுவது என்று வைத்திருந்தார் என்பது மரபு. அவருடைய செப்பேடுகளின் தொடக்கத்திலேயே தேதிக் கணக்கு இருக்கிறது. சக வருஷம் 1346, குரோதி, அதாவது 1424இல் தொடங்கி, சக வருஷம் 1424, துந்துபி, பங்குனி மாதத் தேய்பிறைத் துவாதசி வரை. அது 1503 பிப்ரவரி. அவர் காலமான நாள்.

அவருடைய பேரன் சின்னன்னா எழுதிய வரலாறு, மொத்தம் 32,000 சங்கீர்த்தனங்கள் என்கிறது. கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தேன். 79 வருஷத்துக்கு நாளுக்கு ஒன்று என்றால் 28,800 சொச்சம் வருகிறது. ஆகவே நாளுக்கு ஒன்றுக்கும் கொஞ்சம் கூடுதல். இப்போது "ஸ்ட்ரீக்" என்று சொல்லி நாற்பது நாள் விடாமல் படித்ததற்கு ஒரு பேட்ஜ் கொடுக்கிறார்களே, இவருக்கு எத்தனை கொடுப்பது?

அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியார் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், இந்தப் பாடல்களைச் செப்பேடுகளில் வெட்டினார்கள். நன்றாகத் திட்டம் போட்டுச் செய்த வேலை. அத்யாத்மம், சிருங்காரம் என்று இரண்டு பிரிவு. நம் பாஷையில் இரண்டு ஷெல்ஃப். ஒவ்வொரு பாட்டுக்கும் ராகத்தின் பெயர். ஏடுகளை வைக்கக் கோயிலுக்குள்ளேயே கல்லால் ஒரு சிறிய அறை, அதற்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். விஜயநகர அரசு பலமாக இருந்த காலம், கையில் பணம் இருந்த குடும்பம். ஓலை பூச்சி அரிக்கும், செம்பு நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு தப்பவில்லை. செம்பு நின்றது.

நிற்காமல் போனது, படிக்கிற ஆள்.

1565இல் விஜயநகரம் விழுந்தது. ஆதரவு குறைந்தது. அந்த அறையில் என்ன இருக்கிறது என்று அக்கறையோடு கேட்பவர்கள் குறைந்தார்கள். 1801இல் கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. ஏ. டி. கேம்பெல் என்ற கம்பெனி அதிகாரி தெலுங்குக்கு ஓர் இலக்கணப் புத்தகம் எழுதி 1816இல் வெளியிட்டார். (திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று எல்லிஸ் முதன்முதலில் நிறுவிய குறிப்பு வந்ததும் இதே புத்தகத்தின் முன்னுரையோடுதான். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால்.) திருப்பதியில் செப்பேடுகளில் பழைய இலக்கண நூல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, கேம்பெல் அவற்றை நகல் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். வந்தது இலக்கணம் இல்லை, சாமி பாட்டு. அதோடு விட்டுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நூறு வருஷம் அந்த ஏடுகள் மறுபடி தூங்கின. 1922 வாக்கில்தான் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் கவனம் அவற்றின்மேல் விழுந்து, மலையில் இருந்து கீழே திருப்பதிக்கு வந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். கோயில் கல்வெட்டுகளைப் படித்துத் தொகுத்தவரும் இதே சாஸ்திரிதான். தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகள் 1931 முதல் 1938 வரை வெளிவந்தன. முதல் தொகுதி அவருடையது. ஒரே ஆள் கல்லையும் செம்பையும் காகிதத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

பாடல்களை அச்சுக்குக் கொண்டுவரும் வேலை 1930களில் தொடங்கியது. பிறகு வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்துப் பதிப்பித்தார்கள். 32,000இல் இன்று கிடைப்பது பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். பாதிக்கு மேல் போய்விட்டது.

கிடைத்ததிலும் ஒன்று இல்லை. மெட்டு இல்லை.

ஏட்டில் ராகத்தின் பெயர் இருக்கிறது, ஸ்வரம் இல்லை. ஏன் இல்லை? எழுதியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. பாடத் தெரிந்த குடும்பம் பக்கத்திலேயே இருந்தது. ராகத்தின் பெயரைச் சொன்னால் போதும், பாடிவிடுவார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் எல்லாருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலைகிறது! பாடுகிற பரம்பரை அறுந்ததும் சொல் மட்டும் நின்றது. ஏட்டில் இருக்கும் சில ராகங்கள் இன்று வழக்கிலேயே இல்லை.

நம் வீடுகளில் சனிக்கிழமை காலையில் கேட்கும் அன்னமய்யா பாட்டுகளின் மெட்டு, பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் போட்டது. ராள்ளபல்லி, பாலமுரளிகிருஷ்ணா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் போட்டுக் கொடுத்தவை. 1978இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. அதை ஒட்டிய வருஷங்களில் எம். எஸ். சுப்புலட்சுமியின் பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகள் வந்தன. அந்த மெட்டுகள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, கேட்டால் கண் கலங்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் பாடியது எப்படி இருந்திருக்கும் என்பது இனிமேல் யாருக்கும் தெரியப் போவதில்லை.

*

இப்போது நம் சிஎஸ்வி ஃபைலைத் திறந்து பாருங்கள். அதிலும் இந்த ராகப் பெயர், மெட்டு விவகாரம் இருக்கிறது.

எத்தனை தடவை படித்தீர்கள் என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. படித்து முடித்த தேதிக்கும் ஒரு கட்டம் உண்டு, ஒன்றே ஒன்று. பொன்னியின் செல்வனை ஐந்து தடவை படித்தவருக்கு ஐந்து என்ற எண் வரும். பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை, இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு தடவை, அம்மா போன வருஷம் ஒரு தடவை என்ற தேதிகள் வராது. உங்கள் விமரிசனம் வரும், அதற்குக் கீழே நண்பர்கள் போட்ட சண்டை வராது.

அடுத்தது ஐஎஸ்பிஎன். புதுத் தளம் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்துத்தான் புத்தகத்தை அடையாளம் காண்கிறது. உலக அளவில் அது தரநிலை ஆனதே 1970இல்தான். அதற்கு முந்தைய தமிழ்ப் புத்தகங்களுக்கு ஏது எண்? பிந்தையவற்றிலும் பலவற்றுக்குக் கிடையாது. ஆக, ஆங்கிலப் புத்தகங்கள் எல்லாம் சமர்த்தாகப் போய்ச் சேரும், தமிழ் மட்டும் பாதி வழியில் நிற்கும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் நாம் தமிழே படிக்காத மாதிரி கணக்கு சொல்லும்.

தொடர்கதை இன்னும் மோசம். எங்கள் சித்தூர்த் தமிழ் வீடுகளில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. என் அப்பாவின் தலைமுறைக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுத்தது சென்னையில் இருந்து வந்த வாரப் பத்திரிகைகள்தான். ஜெயகாந்தனின் "சில நேரங்களில் சில மனிதர்கள்" தினமணி கதிரில் தொடராக வந்தபோது, வாரா வாரம் காத்திருந்து படித்தவர்கள் அவர்கள். அது புத்தகமே இல்லை. பதிப்பு இல்லை, எண் இல்லை, முடித்த தேதி என்று ஒன்று சொன்னாலும் பொருள் இல்லை.

அப்பா ஒரு நீள நோட்டில் படித்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். வரிசை எண், பெயர், ஆசிரியர், அப்புறம் ஒரு நாலாவது பத்தி, யாரிடம் வாங்கியது என்று. "ச.நூ." என்றால் சித்தூர் நூலகம். "தொ." என்றால் தொடராகப் படித்தது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு சுழி இருக்கிறது. அது என்ன என்று கேட்டால், "அது கடன் கொடுத்துத் திரும்பி வராதது" என்கிறார். இந்தச் சுழியை உலகத்தில் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாலாவது பத்தி எந்த ஆப்பிலும் கிடையாது. எங்கள் தெருவில் யார் யாருக்குப் புத்தகம் கொடுத்தார்கள் என்ற சரித்திரமே அந்தப் பத்திதான். என் பெண்ணுக்குத் தமிழ் பேச வரும், கையெழுத்துத் தமிழைப் படிப்பது சிரமம். நோட்டு இன்னும் ஐம்பது வருஷம் இருக்கும். செம்பு மாதிரி.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனில் படிக்கிறார், நான் பதிவு செய்துகொண்டே தட்டச்சு செய்கிறேன். பாதி நேரம் கதைதான் ஓடுகிறது. ஓடட்டும், அதுதான் மெட்டு.

*

நம் தலைமுறையே இப்படி ஒரு பெரிய மாற்றத்தைச் செய்து காட்டியிருக்கிறது. திஸ்கி, டாப், பாமினி என்று ஆளுக்கோர் எழுத்துருவில் தமிழை எழுதிக்கொண்டிருந்த நாட்கள் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை என்றால் திரையில் வெறும் பூச்சி ஊரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்களின் ஒருங்கிணைப்பில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் தட்டச்சு செய்து கொடுத்த பழைய நூல்களைச் சேர்த்து வைத்தது. பின்னால் யூனிகோடு வந்தபோது அந்த நூல்களைப் புது முறைக்கும் மாற்றினார்கள். பழைய குறியீடு தெரிந்தவர்கள் சுறுசுறுப்பாக இருந்த காலத்திலேயே மாற்றியதால் அது முடிந்தது.

முடியாமல் போனதும் நமக்குத் தெரியும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனவை சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளும் சேர்த்து. இன்னொரு படி இல்லாதவை திரும்பி வரவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்படி எடுத்து வைப்பதற்குப் பின்னால் அந்த நெருப்பின் ஞாபகமும் இருக்கிறது.

*

சரி, கணக்கை மாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

1. முதலில் நகல், பிறகு இடிப்பு. சிஎஸ்வி ஃபைலை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். புதுக் கணக்கைச் சரிபார்க்கும் வரை பழைய கணக்கை மூடாதீர்கள். திருமழபாடியில் 13 வருஷம் பொறுத்தார்கள், நாம் ஆறு மாதம் பொறுக்கலாம்.

2. அந்த ஃபைலை எக்ஸெலில் இரண்டு தட்டுத் தட்டித் திறக்காதீர்கள். தமிழ் எழுத்து எல்லாம் சிதைந்து தெரியும், அப்படியே சேமித்தால் சிதைந்தே போகும். டேட்டா இம்போர்ட் வழியாக யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறங்கள். மூலத்தைத் தொடாமல் ஒரு படியில் வேலை செய்யுங்கள்.

3. மாற்றியபின் மொத்த எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பிறகு தமிழ்ப் புத்தகங்களை மட்டும் தனியாக எண்ணுங்கள். மொத்தம் 400க்கு 380 வந்தது என்று சந்தோஷப்படுவோம். விழுந்த இருபதும் தமிழாக இருக்கும்.

4. விழுந்ததைக் கையால் சேருங்கள். பதிப்பகம், வருஷம், அட்டைப் படத்தோடு. அடுத்து வரும் தமிழ் வாசகருக்கும் அது உதவும்.

5. கட்டம் இல்லாத விஷயத்தை விமரிசனப் பெட்டியிலாவது எழுதுங்கள். எப்போதெல்லாம் படித்தது, யார் கொடுத்தது, யாருக்குப் படித்துக் காட்டியது. "இது எனக்கே தெரியுமே" என்று தோன்றுவதை முதலில் எழுதுங்கள்.

6. வீட்டில் பெரியவர்களின் நோட்டு, டைரி, புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிய கையெழுத்து இருந்தால் படம் எடுத்தால் மட்டும் போதாது. அவர்களையே படிக்கச் சொல்லிக் குரலைப் பதிவு செய்யுங்கள். இந்த லீவில் ஊருக்குப் போகும்போதே.

அடுத்த தடவை திருமலைக்குப் போனால், தரிசனம் முடிந்து ஆனந்த நிலையத்தைச் சுற்றி வரும்போது கூட்டம் தள்ளுகிற தள்ளலிலும் சங்கீர்த்தன பண்டாரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் தந்தையும் மகனும் நிற்பார்கள். பாடியவரும், செம்பில் எழுத வைத்தவரும்.